டிராகன் படகின் மேளக்காரி

எங்கள் பினாங்கில் திருவிழாவுக்குப் பஞ்சமே கிடையாது. தைப்பூசத்துக்கு ஊரே தண்ணீர்மலைக்கு நடக்கும். சீனப் புத்தாண்டுக்குப் பட்டாசுச் சத்தத்தில் காது அடைக்கும். நோன்பு மாதம் வந்தால் தெருவுக்குத் தெரு பசார் கடைகள். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் கோயில் மெழுகுவர்த்தி, அடுத்து பேய் மாதத்துச் சீன நாடக மேடை, அப்புறம் தீபாவளி, வருஷக் கடைசியில் தெலுக் பஹாங் அணைக்கட்டில் டிராகன் படகுப் போட்டி. இதையெல்லாம் பார்க்கச் சுற்றுப்பயணிகள் விமானம் ஏறி வருகிறார்கள். டத்தோ கிராமாட்டில் பிறந்து அங்கேயே குடித்தனம் நடத்தும் நான் இதில் பாதியைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. எந்த விழா வந்தாலும் அன்றைக்கு எனக்கு வேலை இருக்கும். விழாவுக்கும் என் ஷிஃப்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகச் சில்லுகளைச் சோதிக்கிறேன். உச்சந்தலையிலிருந்து பாதம் வரை வெள்ளை உடுப்பு, வாய்க்கு முகமூடி, கண் இரண்டு மட்டும்தான் வெளியே தெரியும். ஒரு நாள் உடுப்பைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் நின்றபோது, பல வருஷமாக எனக்கு மேலாளராக இருப்பவர் என்னைப் பார்த்து, "புதுசா சேர்ந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வலித்தது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் ஒரு நாளாவது நானாக உட்கார்ந்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் ஓர் ஆசை முளைத்தது.

டிராகன் படகுக் குழுவில் சேர்ந்தது அப்படித்தான். பேருக்குத்தான் அது கிளப். வெவ்வேறு தொழிற்சாலைகளில் வேலை செய்கிற ஆண்களும் பெண்களும் கைக்காசு போட்டுப் படகை வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அணைக்கட்டில் பழகுவார்கள். கேப்டன் ஒரு சீனப் பெண்மணி, ஐம்பது வயது, இயந்திரம் பழுதுபார்ப்பவர், கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி இருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் எடையைக் கேட்டார். நாற்பத்து மூன்று கிலோ என்றேன். துடுப்புப் போட நான் லாயக்கில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் படகின் மூக்கில் உட்கார்ந்து மேளம் அடிப்பவர் எவ்வளவுக்கு எவ்வளவு இலேசாக இருக்கிறாரோ அவ்வளவுக்குப் படகுக்கு நல்லது.

"யூ இண்டியன், மேளம் மெஸ்தி பாண்டாய்லா," என்றார். இந்தியர் என்றால் மேளம் கட்டாயம் வரும் என்று அவருக்கு ஒரு கணக்கு. அவரோடு என் பேச்செல்லாம் மலாயில்தான் நடந்தது. இனி அதைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் கணக்கு என் விஷயத்தில் பொய்யில்லை. என் அண்ணன் உறுமி மேளக் குழுவில் இருந்தார். குழு எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில்தான் பழகும். அவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போகிற நேரத்தில் நான் குச்சியை எடுத்துவிடுவேன். தைப்பூசத் தேருக்கு முன்னால் அடிக்க மட்டும் விடவில்லை, பொம்பளைப் பிள்ளை என்றார்கள். அண்ணனைவிட நான் நன்றாக அடிப்பேன். இதைச் சொன்னால் அவருக்கு இன்றைக்கும் கோபம் வரும். வரட்டும்.

மேளம் அடிப்பவர் படகின் முனையில், போகிற திசைக்கு முதுகைக் காட்டி, துடுப்புப் போடுகிற இருபது பேரையும் பார்த்தபடி உட்கார வேண்டும். முதல் இரண்டு ஞாயிறு நல்லபடியாகப் போயின. மூன்றாவது ஞாயிறு கேப்டன் கைக்கடிகாரத்தில் நேரம் வைத்துவிட்டு முழுத் தூரமும் ஓட்டச் சொன்னார். பாதி தூரம் தாண்டியதும் காற்று முகத்தில் அடித்தது, தண்ணீர் தெறித்தது, எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. உறுமியில் எங்கள் வழக்கம் ஒன்றுதான். மேளம்தான் முன்னால் போகும். அடி ஏறிக்கொண்டே போக வேண்டும், எதிரில் நிற்பவருக்கு அருள் இறங்கும் வரை குறைக்கக் கூடாது. என் கை தன் பாட்டுக்கு ஏறிவிட்டது. முன்வரிசைக்காரர்கள் இருவரும் தங்கள் வேகத்திலேயே போனார்கள். பின்னால் இருந்தவர்கள் என் மேளத்தைக் கேட்டு விரைந்தார்கள். துடுப்போடு துடுப்பு மோதியது, ஆறாவது வரிசைக்காரருக்கு முதுகில் ஒன்று விழுந்தது, படகு குறுக்கே திரும்பி நின்றுவிட்டது.

முன்வரிசை வலப்பக்கத்தில் துடுப்புப் போட்டவர் கேப்டனேதான். மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நானும் வருஷா வருஷம் உங்கள் தேருக்குத் தேங்காய் உடைக்கிறேன். இந்த அடி எனக்குத் தெரியும்," என்றார். "இப்படி அடித்தால் சாமி வரும். படகு போகாது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. டிராகன் படகில் மேளம் தலைவன் இல்லை. முன்வரிசையில் இருக்கிற இரண்டு பேர்தான் தலைவர்கள். அவர்கள் துடுப்பு தண்ணீருக்குள் இறங்குகிற அதே நொடியில் மேளம் விழ வேண்டும், அந்த அடியைப் பின்வரிசை வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதை முதல் நாளே சொன்னார்கள். நான்தான் மேளம் தெரிந்தவளுக்கு யார் சொல்லித் தருவது என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. குழுவில் ஒல்லியாக ஓர் எஞ்சினியர் இருந்தார். அடுத்த முறையும் இப்படி ஆனால் மேளத்தை அவரிடம் கொடுத்துவிடுவேன் என்று கேப்டன் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவர் மறைவாகச் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. இடத்தை விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்தவரின் கையில் இரண்டு சோற்றுக் கரண்டியைக் கொடுத்து, துடுப்புப் போடுங்கள் என்றேன். எதிரில் நான் வாளியை மேளமாகக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மேளம் அடிக்கப் போறியா, பேய் ஓட்டப் போறியா?" என்றார்.

"வாய மூடிட்டு போடுங்க."

மனிதர் குறும்புக்காரர். வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பார், திடீரென்று கூட்டுவார், நடுவில் நிறுத்திவிட்டு மூக்கைச் சொறிவார். அந்தக் கரண்டிகளை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. கீழ் வீட்டு அக்கா இரண்டு தடவை மேலே வந்து கதவைத் தட்டினார். மூன்றாம் தடவை வந்தவர், "சத்தம் போட்டுத்தான் தீரணும்னா அடியில துணியாச்சும் போடுங்கலா," என்று பழைய துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பதினைந்து நாளில் என் கை என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. பழகும்போது ஒரு பிசகும் வரவில்லை. ஆனாலும் கேப்டன் எஞ்சினியரை வீட்டுக்கு அனுப்பவில்லை.

போட்டி சனிக்கிழமை தொடங்கியது. அணைக்கட்டு ஓரமெல்லாம் கூடாரம், லக்சாக் கடை, கரும்புச்சாறு, வெயிலில் சிவந்துபோன வெள்ளைக்காரர்கள். தொடக்க விழாவுக்குச் சிங்க நடனம் ஒரு பக்கம், மலாய்க்காரர்களின் கொம்பாங் மேளம் ஒரு பக்கம், போதாக்குறைக்கு ஓர் உறுமி மேளக் குழுவையும் கூப்பிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் நான் அங்கேயே நின்றுவிட்டேன். முன்வரிசை இடப்பக்கத்தில் துடுப்புப் போடுகிற பெண் பைராம் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வருகிறவள், இருபத்தைந்து வயதுதான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, காதுல பஞ்சு வைக்கவா?" என்று கேட்டாள்.

"வேணாம். நான் பாத்துக்கறேன்."

காலைப் போட்டியில் நான்கு படகுகள். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் கரையில் உறுமி தொடங்கியது. அதன் அடி ஏற ஏற என் தோள் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு துடுப்புகளை மட்டுமே பார்த்தேன். அவை இறங்கும்போது அடித்தேன், இறங்காதபோது அடிக்கவில்லை. ஒரு பிசகு இல்லாமல் கோட்டைத் தாண்டினோம். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மூன்றாவதாக வந்திருந்தோம். இரண்டாவது படகுக்கும் எங்களுக்கும் ஒரு துடுப்பு நீளம்கூட இல்லை.

கரையேறியதும் கேப்டன் தண்ணீர்ப் போத்தலைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை?"

கடைசி ஐம்பது மீட்டரில் அவர் தாடையை உயர்த்தினால் நான் குரல் கொடுத்து வேகத்தை ஏற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஒரு முறை மட்டும் மேளம் முன்னால் போகலாம். அவர் தாடையை மூன்று தரம் உயர்த்தினாராம். நான் துடுப்பை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"கையில தெம்பு இருந்துச்சிக்கா," என்றாள் பைராம் தோட்டத்துப் பெண். "நீங்க கூப்புடுவீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தோம்."

அவள் குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. இடம் போய்விடுமோ என்கிற பயத்தில் இருபது பேரின் தெம்பைப் படகிலேயே மிச்சம் வைத்துக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்; நான் ஆற்றிலேயே நின்றுகொண்டு அளந்துகொண்டே இருந்துவிட்டேன். கூடாரத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது, கோபம் வந்ததும் பசி வந்தது. ஒரு தட்டு மீ கோரெங் வாங்கி முழுதும் தின்றேன்.

தோற்றவர்களுக்கு மத்தியானம் இன்னொரு வாய்ப்பு உண்டு. முதல் இரண்டு படகுகள் மறுநாள் ஓட்டத்துக்குப் போகலாம். எஞ்சினியர் கேப்டன் பக்கத்தில் போய் நின்றிருந்தார். நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"மத்தியானமும் நான்தான் உட்காருவேன்," என்றேன். "இந்தத் தடவை முகத்தைப் பார்ப்பேன்."

கேப்டன் எஞ்சினியரைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர், தோளைக் குலுக்கிவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் எதிர்க்காற்று. தொடக்கத்திலேயே பின்தங்கினோம் என்பது முன்வரிசை முகங்களிலேயே தெரிந்தது. துடுப்பு, முகம், துடுப்பு, முகம் என்று என் கண் மேலும் கீழுமாக ஓடியது. கேப்டனின் தாடை அசையவில்லை. கரையில் உறுமி மறுபடியும் எழும்பியது. அசையவில்லை. தாடை உயர்ந்தது.

"போடு!" என்று கத்தினேன்.

அவ்வளவு சத்தம் என் தொண்டையில் இருந்தது எனக்கே தெரியாது. குழுவில் தமிழ் தெரிந்தவர்கள் ஐந்து பேர்தான். மற்றவர்களுக்கும் புரிந்தது. கையை அவிழ்த்துவிட்டேன். தேருக்கு முன்னால் அடிக்க விடாத அடி முழுவதையும் அந்தத் தோலில் இறக்கினேன். இருபது உடம்பும் ஒன்றாகக் குனிந்தன, ஒன்றாக நிமிர்ந்தன, எனக்கு அடியில் படகு எழும்பி எழும்பிப் போனது. கோடு என் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் எப்போது வந்தது என்று தெரியாது. கேப்டன் துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அப்போதுதான் அடிப்பதை நிறுத்தினேன்.

இரண்டாவது இடம். கரையில் ஒருவரையொருவர் நனைந்த உடம்போடு கட்டிப் பிடித்துக்கொண்டோம். கேப்டன் அட்டவணையைப் பார்த்துவிட்டு வந்து, நாளைக்கு ஒன்பதரை மணிக்கு ஓட்டம், எட்டு மணிக்கே இங்கே இருக்க வேண்டும் என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றது. ஷிஃப்ட் மாறியதில் இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்கு வேலை. லீவு கேட்டது சனிக்கிழமைக்கு மட்டும்தான். நாங்கள் இரண்டாம் நாள் வரை தாக்குப்பிடிப்போம் என்று நானே நம்பியிருக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். கேப்டனும் தொழிற்சாலைக்காரர்தானே, கோபப்படவில்லை. "பரவாயில்லை, வேலை முக்கியம். நாளைக்கு எஞ்சினியர் உட்காரட்டும்," என்றார்.

"பொறுங்கள்," என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன்.

எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒரு தமிழ்ப் பையன், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"தம்பி, நாளைக்கு நான் வேலைக்கு வரமாட்டேன்."

"என்னக்கா, உடம்பு சரியில்லையா? எம்சி எடுக்கறீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிற்சாலையில் தலைவலி, வயிற்றுவலி எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும், யாரும் துருவிக் கேட்பதில்லை. மருத்துவச் சான்று வாங்க டத்தோ கிராமாட்டில் கிளினிக்குக்குக் குறைச்சலா?

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. தெலுக் பஹாங்கில டிராகன் படகுப் போட்டி. நான் மேளம் அடிக்கணும். என்ன நடவடிக்கை எடுக்கணுமோ திங்கக்கிழமை எடுத்துக்குங்க."

"யாருக்கா," என்றார், "நீங்களா?"

"நான்தான்," என்றேன்.