மருமகளின் பட்டமும் ஒரு வாய்க் கஞ்சியும்

இங்கிலாந்துக்கு வந்த முதல் வாரம், செவ்வாய்க்கிழமை காலையில், குப்பைத் தொட்டியை வீட்டு வாசலிலிருந்து தெருவோரம் வரை தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். சக்கரம் வைத்த தொட்டி, சின்னப் பிள்ளைகூடத் தள்ளிவிடும். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் கையை உயர்த்தி, "பிரில்லியண்ட்!" என்றார். நான் முப்பத்துநான்கு ஆண்டுகள் கோவில்பட்டியில் பள்ளிக்கூட வேலை பார்த்தவன். எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவனுக்கும் அந்தச் சொல்லைக் கொடுத்ததில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவனைக் கூப்பிட்டு, "மிச்சம் ரெண்டை எங்கலே தொலைச்ச?" என்று கேட்டதுதான் நான் கொடுத்த பெரிய பாராட்டு. மறுவாரம் அதே எதிர்வீட்டுக்காரர் தெருவைக் கடந்து வந்து, தம் மகள் நீச்சலில் மூன்றாவதாக வந்திருப்பதாகச் சொன்னார். மூன்றாவதாக! நம் பக்கத்தில் முதலாவதாக வந்திருந்தாலும் தகப்பன், "என்னத்த, எருமை மாதிரித் தண்ணிக்குள்ள கெடக்கா" என்றுதான் சொல்வான். கண் பட்டுவிடும் என்ற பயம் பாதி, தன் வீட்டாளைத் தானே புகழ்வதா என்ற கூச்சம் பாதி. கேட்கிறவர் சொல்கிறவன் முகத்தைப் பார்த்து மீதியைத் தெரிந்துகொள்வார்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்ட கதையைத்தான் எழுதப்போகிறேன். ஊரில் இருப்பவர்களும், என்னைப் போல் பிள்ளைகளை நம்பி விமானம் ஏறி வந்த கிழவர்களும் படிக்கட்டும். எனக்கு எழுபத்தாறு முடிந்துவிட்டது. இனி மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

என் மருமகள் செல்வி, எங்கள் பக்கத்து எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பெண். அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். மழை பெய்தால் பருத்தியும் உளுந்தும் உண்டு. பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அம்மா வேனில் ஏறித் தீப்பெட்டி ஆபீஸுக்கு, தீப்பெட்டி செய்யும் ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம், போய்ப் பிள்ளைகளை வளர்த்தவள். அடக்கமான பெண் என்று நானே பார்த்து முடித்த சம்பந்தம். என் மனைவி இறந்தபின் மகன் என்னை இங்கே கூட்டிக்கொண்டான். அவனுக்கு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் வந்து ஆறு மாதத்தில் செல்வி பல்கலைக்கழகத்தில் சோஷியல் வொர்க் பட்டப்படிப்புக்கு எழுதிப்போட்டாள். இடமும் கிடைத்தது. மூன்று வருடப் படிப்பு. "மாமா, நீங்க என்ன சொல்லுதீங்க?" என்று என்னிடம் கேட்டாள். "படிம்மா" என்றேன். அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

காரணம் பழையது. நான் பி.ஏ. முடித்த வருடம் மதுரையில் இதே சமூகப்பணி மேற்படிப்புக்கு எனக்கும் இடம் கிடைத்தது. என் அப்பா கோவில்பட்டியில் பருத்தி விதையும் புண்ணாக்கும் விற்றுவந்தார். கடையில் நாலு பேர் நிற்கும்போதே அந்தக் கடிதத்தைக் காட்டினேன். கையில் வாங்காமலே சொன்னார்: "ஊருக்கு ஒழைக்கதுக்கு ஒரு படிப்பாலே? அதை ஓசியில செய்யுத கிறுக்கன் தெருவுக்கு நாலு பேரு இருக்கான்." கடையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். பிற்காலத்தில், வாத்தியார் வேலை நானாக விரும்பி எடுத்தது என்று எல்லோரிடமும் சொல்லி, எனக்கே அது உண்மையாகிவிட்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் செல்வி புத்தகங்களை விரித்த அன்று அந்தப் பொய் உடைந்தது.

முதல் சில மாதங்கள் அவள் எழுதியதை என்னிடம் திருத்தக் கொடுத்தாள். சிவப்புப் பேனாவை மறுபடி கையில் பிடித்தபோது எனக்கு உயிர் வந்தது. அவள் ஆங்கிலத்தில் பிழை இருந்தது. பிழை இருந்ததில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது. பிறகு ஒரு கட்டுரையை என்னிடம் காட்டாமலே பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டாள். அதற்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண். மேசையில் கிடந்ததை அவள் இல்லாதபோது எடுத்துப் படித்தேன். கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டிப் பெண்களைப் பற்றிய கட்டுரை. வேன் வரும் நேரம், தீக்குச்சி மருந்து வாடை போகாத விரல்களால் பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தயங்கிய அம்மா, வீட்டுக்குக் கொண்டுவந்து குச்சி அடுக்கும் கட்டை, அதற்காகப் பள்ளிக்கூடம் போகாமல் நின்ற பிள்ளைகள். கடைசியில் ஒரு வரி: அந்தப் பிள்ளைகளின் பெயர்களைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து அடித்தவர்கள் யாரும் வீடு தேடி வரவில்லை.

தொண்ணூறுகளில் நான் தலைமையாசிரியர். என் பள்ளிக்கூடத்தில் அப்படிப்பட்ட பெயர்களை அடித்த சிவப்பு மை என்னுடையது. ஸ்கேல் வைத்து நேராக அடிப்பேன். அவள் என்னை நினைத்து எழுதவில்லை. அவள் படித்தது வேறு பள்ளிக்கூடம். என்றாலும் நான் பிறந்து வளர்ந்த ஊரை என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வெட்கப்பட்டிருக்க வேண்டியவன் நான். எனக்கு வந்தது பொறாமை.

இரண்டாம் வருடம் அவளைக் களப்பயிற்சிக்கு முதியோர் கூடம் ஒன்றில் போட்டார்கள். புதன்கிழமைதோறும் பல நாட்டுக் கிழவர்கள் கூடி மதியச் சாப்பாடு சாப்பிடும் இடம். நான் தனியாக இருக்கிறேனே என்று, கேட்டு அனுமதி வாங்கி, என்னையும் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பஞ்சாபிப் பெரியவர் இருந்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது, இவளுக்குப் பஞ்சாபியோ இந்தியோ வராது. இவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் குத்தவைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவர் அரைமணி நேரம் பேசுவார். ஒரு சொல் புரியாமல் இவள் எல்லாவற்றையும் கேட்பாள். கூடத்தில் நான் முதலில் நுழைந்தால் எல்லோரும், "செல்வி எங்கே?" என்பார்கள். என்னைக் காட்டி, "செல்வியின் மாமனார்" என்பார்கள். கோவில்பட்டி மெயின் ரோட்டில் நான் நடந்தால் கடைக்காரர்கள் எழுந்து, "ஹெச்செம் சார், வாங்க" என்பார்கள். இங்கே நான் யாருடைய மாமனாரோ.

அவளுடைய களப்பயிற்சிக்கு மேற்பார்வை மார்கரெட் என்ற அம்மாள். மாணவி தேறினாளா இல்லையா என்று எழுதும் பேனா அவர் கையில்தான். ஒரு புதன்கிழமை தேநீர்க் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "செல்வியை நினைத்தால் உங்களுக்குப் பெருமையாக இருக்குமே" என்றார். செல்வி எதிரே அந்தப் பஞ்சாபிக்காரரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சுத்தமான ஆங்கிலத்தில், இலக்கணம் வழுவாமல் சொன்னேன்: "எனக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊற்ற அவளுக்கு நேரமில்லை. வீட்டை விட்டுவிட்டு ஊருக்கு உழைக்கப் போய்விட்டாள்."

கோவில்பட்டியில் மாமனார் மாமியார் யாரும் சொல்லக்கூடிய வாக்கியம்தான். மருமகள் வேலைக்குப் போகிற பெருமையை இப்படித்தான் சொல்வார்கள். மார்கரெட் கோப்பையைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தி, "நிஜமாகவா சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குக் கொடுக்கப்பட்ட வாய்ப்பு அது. விளையாட்டுக்குச் சொன்னேன் என்றால் முடிந்திருக்கும். காலையில் அவள் சுட்டுப்போட்ட நாலு தோசையும் வயிற்றில்தான் இருந்தன. "எஸ்" என்றேன்.

இந்த நாட்டில் ஒரு கிழவன், வீட்டில் சோறு இல்லை என்று சொன்னால் அதைக் காற்றில் விடமாட்டார்கள். அதிலும் சொல்லப்பட்டவள் நாளைக்கு ஊராரின் கிழவர்களைக் கவனிக்கப்போகிறவள். வெள்ளிக்கிழமையே செல்விக்குக் கடிதம் வந்தது: விசாரணை முடியும்வரை களப்பயிற்சிக்கு வர வேண்டாம். திங்கட்கிழமை முதியோர் நலத் துறையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். மகனையும் செல்வியையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "இந்த வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா?" என்று என்னிடம் கேட்டார்கள். பிறகு சமையலறையில் பிரிட்ஜைத் திறந்தார்கள். உள்ளே சின்னச் சின்ன டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டித் தமிழில் எழுதியிருந்தது. அவளுக்கு வகுப்பு இருக்கும் நாட்களில் நானே எடுத்துச் சூடுபண்ணிச் சாப்பிடுவதற்காக வைத்தவை. என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லும்படி அதிகாரிகளில் ஒருவர் கேட்டார்.

முப்பத்துநான்கு வருடம் வகுப்பில் உரக்கப் படித்த குரல் எனக்கு. அன்று அதே குரலில் டப்பாக்களைப் படித்தேன். "மாமாவுக்கு. செவ்வாய் மதியம். உப்பு குறைச்சல்." அடுத்த டப்பா. "மாமாவுக்கு. புதன் ராத்திரி. பல்லுக்கு மெத்துன்னு இருக்கும்." அடுத்தது. "மாமாவுக்கு. இது காரம், ஆசைக்குக் கொஞ்சம் மட்டும்." ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். அந்த அதிகாரி எழுதிக்கொண்டே வந்தவர், நாலாவது டப்பாவில் பேனாவை மூடிவிட்டார்.

அதன்பின் ஊர் வழக்கத்தை விளக்கினேன். எங்கள் பக்கத்தில் சொந்த மனிதர்களைப் பிறரிடம் புகழமாட்டோம், இப்படிக் குறைசொல்வதுபோலத்தான் பேசுவோம் என்றேன். அவர்கள் தலையாட்டினார்கள். 'கலாசார வேறுபாட்டால் வந்த குழப்பம்' என்று எழுதி முடித்தார்கள். என் மகன்கூட நம்பிவிட்டான். முதல் நாள் என்மேல் கத்தியவன், பிறகு நண்பர்கள் வந்தால் இதை ஒரு நகைச்சுவையாகச் சொல்லத் தொடங்கினான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், அப்பாவின் கடையில் சிரித்ததைப் போல. ஆனால் விசாரணை முடியப் பல வாரங்கள் ஆகிவிட்டன. களப்பயிற்சி நாட்கள் குறைந்துபோயின. அந்த வருடத்தை அவள் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

செல்வி மட்டும் அந்தக் கதைக்குச் சிரிக்கவில்லை. ஒரு நாள் மாலை வெங்காயம் உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"மாமா, மார்கரெட் அம்மா எழுதுன ரிப்போர்ட்ட எனக்கும் வாசிக்கக் குடுத்தாவ."

"என்ன எழுதியிருக்கு?"

"நீங்க சொன்னதுதான். எங்க மதினியப் பத்தி எங்க அம்மையும் ஊரெல்லாம் இதையேதான் சொல்லிக்கிட்டுத் திரிவா. ஒரு வா கஞ்சி ஊத்த நாதியில்லம்பா. ஆனா சிரிச்சிக்கிட்டுல்லா சொல்லுவா." ஒரு வெங்காயத்தை உரித்து முடித்துத் தட்டில் வைத்தாள். "நீங்க சிரிக்கலையாமே. அதை அந்தம்மா ரெண்டு எடத்துல எழுதியிருக்கு."

நான் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினேன். வெங்காயம் தீர்ந்ததும், "சாப்பாடு எடுத்து வைக்கட்டா மாமா?" என்றாள். அதோடு சரி. இன்றுவரை அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுத்ததில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு வருடம் தாமதமாகப் பட்டம் வாங்கினாள். கூடப் படித்தவர்கள் முந்தைய வருடமே போய்விட்டதால் முகம் தெரியாதவர்கள் நடுவே கறுப்பு அங்கியோடு நின்றாள். பொய் சொல்லமாட்டேன்: அப்போதும் ஒரு கணம், அந்த அங்கி என் தோளுக்கு எப்படிப் பொருந்தியிருக்கும் என்றுதான் பார்த்தேன்.

அந்த ஐப்பசியில் ஊருக்குப் போனேன். பட்டமளிப்புப் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு எப்போதும்வென்றானுக்கும் போனேன். முந்தின நாள் நல்ல மழை. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்ததில் கரிசல் மண் ஒட்டி என் இங்கிலீஷ் ஷூ ஒவ்வொன்றும் இரண்டு கிலோ ஆகிவிட்டது. செல்வியின் அம்மா படத்தை முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"என்னத்த, காக்கா கணக்காக் கறுப்புத் துணியச் சுத்திக்கிட்டு நிக்கா" என்றாள். சொல்லும்போதே முகம் முழுக்கச் சிரிப்பு, கண் நிறையத் தண்ணீர். அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கொடுக்காமல் விட்டது அதுதான். இந்தத் தாயிடமாவது கணக்கைத் தீர்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

"தங்கச்சி," என்றேன். "உங்க மக தங்கம். அவ பாக்குத மாதிரி நான் பெத்த பிள்ளைகூட என்னையப் பாக்காது. அவ படிச்ச படிப்புக்கு நான் கையெடுத்துக் கும்பிடணும்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. படத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பேசுதீங்க? அங்கன ஏதும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல தாயி. நெசமாத்தான் சொல்லுதேன்."

"எம் மக உங்களை ஏதும் சொல்லிட்டாளா? சோறு தண்ணி ஒழுங்காக் குடுக்காளா இல்லையா? எங்கிட்ட மறைக்காதீங்க அண்ணாச்சி."

குடுக்கிறாள் என்றேன். நம்பவில்லை. புழுங்கலரிசிச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து, நான் உண்பதை எதிரே உட்கார்ந்து, அந்த அதிகாரியைப் போலவே கவனித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை சோறு வாங்கியதும் அவள் சந்தேகம் உறுதியாகிவிட்டது. பெருமூச்சு விட்டாள்.

நான் இங்கிலாந்துக்குத் திரும்பிவந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. வீட்டுக்குப் பின்புறம் உட்கார்ந்து, ஷூவின் அடியில் காய்ந்து இறுகியிருந்த கரிசலைப் பழைய கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். செல்வி வேலைக்குப் போகிற உடுப்போடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கதவைத் திறந்து வந்தாள்.

"மாமா, ஊர்ல போயி என்ன சொன்னீங்க? அம்மை மூணு தடவ போன் பண்ணிட்டா. 'ஏட்டி, ஒன் மாமனார் ஒன்னையப் புகழுதாவ, என்னத்தச் செஞ்சு தொலைச்ச'ன்னு ஒரே அழுகை."

நான் தலையைக் குனிந்து ஷூவைச் சுரண்டினேன். அவள் கிட்டே வந்து நின்று கேட்டாள்.

"அப்பமாவது சிரிச்சீங்களா?"

"இல்லம்மா."

அவள் உதட்டோரம் எதுவோ அசைந்தது. சிரிப்பா என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் கார் சாவியைத் தேடத் திரும்பிவிட்டாள். என் உள்ளங்கையில் கரிசல் கட்டி ஒன்று இருந்தது. சுவரோரம் குப்பைத் தொட்டிகள் வரிசையாக நின்றன. புல்லுக்கும் இலைக்கும் ஒன்று, தாளுக்கும் பாட்டிலுக்கும் ஒன்று, மற்றதற்கு ஒன்று. இத்தனை வருடத்தில் எது எதில் என்று எனக்கு மனப்பாடம்.

"இதை எதுல போடணும்மா?" என்று கேட்டேன்.

அவள் கட்டியைப் பார்த்தாள். தொட்டிகளைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

"கையில வச்சிருங்க மாமா. சாயங்காலம் வந்து சொல்லுதேன்" என்றாள்.