மாப்பிள்ளையின் தாடி பிரஷ்

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை. அரியலூரில் மகள் வீட்டு வாஷ்பேசின் முன்னால் நின்று, கையிலிருந்த தாடி பிரஷ்ஷை அதன் விளிம்பில் லேசாகத் தட்டினேன்.

'டக்' என்றது.

மரப்பக்கத்தைத் தட்டியிருந்தால் இந்தச் சத்தம் நியாயம். நான் தட்டியது முடிப்பக்கம்!

இன்னொரு முறை தட்டினேன். டக். சந்தேகமே இல்லை... முந்தின நாள் மாலை வரை பிரஷ்ஷாக இருந்தது, விடிவதற்குள் கல்லாகியிருந்தது.

இதில் என்ன பெரிய விஷயம், புதுசாக ஒன்று வாங்கினால் போயிற்று என்கிறீர்களா? பிரஷ் என்னுடையதில்லை. மாப்பிள்ளையுடையது. கல்யாணமான முதல் வருடம் என் மகள் பிரியா அவருக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தது. அதை நான் எடுத்ததே அவருக்குத் தெரியாது.

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் நான் ஷேவ் செய்வதை நிறுத்தியதும், தாடி வெள்ளையாக மட்டுமே வளர்ந்ததும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை கார்த்திக்கும் தாடி உண்டு. கரேலென்று, அடர்த்தியாக. சிமென்ட் ஆலையில் பேக்கிங் பிளான்ட்டில் வேலை. நல்ல பையன். ஆனால், கல்யாணமாகி இரண்டு வருடத்தில் எங்கள் இருவருக்கும் இடையே நடந்த மொத்தப் பேச்சும் மூன்றே வாக்கியம்தான்.

"வாங்க மாமா."

"சாப்டீங்களா மாமா?"

"கிளம்புறீங்களா மாமா?"

இதற்கு நானும் முறையே "வரேன் மாப்ள", "ஆச்சு மாப்ள", "ஆமா மாப்ள" என்பேன். சண்டையா? இல்லை. மனக்கசப்பா? அதுவும் இல்லை. மரியாதை! அது இருவருக்கும் நடுவில் ஒரு பீரோ மாதிரி நின்றுகொண்டிருந்தது. நகர்த்தவும் முடியவில்லை, சுற்றிக்கொண்டு போகவும் வழியில்லை.

பெரம்பலூரிலிருந்து மாதத்துக்கு ஒரு முறையாவது நானும் என் மனைவி மல்லிகாவும் பஸ் ஏறி அரியலூர் போய்விடுவோம். அப்படிப் போன ஒரு நாளில்தான் வாஷ்பேசின் அலமாரியில் அந்த பிரஷ்ஷைப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்குகிற நீள்வட்ட மரக்கட்டை. கைப்பிடி கிடையாது. நெருக்கமாக நட்ட குட்டைக் குட்டையான முடி.

சும்மா ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன்.

அடடா! சீப்பு தாடியை உழுகிறது. இது தடவிக் கொடுக்கிறது. நுனி தாடைத் தோலைத் தொடும்போது இதமான ஒரு உறுத்தல். நான்கு பக்கமும் பறந்துகொண்டிருந்த தாடி, வகுப்பில் ஆசிரியர் நுழைந்த மாதிரி ஒழுங்காக அடங்கி உட்கார்ந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை போகும்போதும் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாக பத்து இழுப்பு. பிறகு இருந்த இடத்தில், இருந்த கோணத்தில் வைத்துவிடுவேன்.

இந்தத் தடவைதான் முடியின் அடியில் சாம்பல் நிறமாக ஏதோ படிந்திருந்ததைக் கவனித்தேன். இத்தனை மாதத்தில் அந்த பிரஷ்ஷை அழுக்காகப் பார்த்ததே இல்லை. பாவம், டபுள் ஷிப்ட் போயிருக்கிறார், கழுவ நேரமில்லை போலிருக்கிறது... திருட்டுத்தனமாக உபயோகித்ததற்கு இந்த உதவியையாவது செய்வோமே!

செல்போனில் தேடினேன். இளஞ்சூடான தண்ணீர், ஒரு துளி ஷாம்பூ என்று போட்டிருந்தது. ஹீட்டரைப் போட்டு, அடிவரை நுரை வரத் தேய்த்து, அலசி, ஜன்னல் கட்டையில் முடி மேலே பார்க்கும்படி மல்லாக்க வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலைதான் அந்த 'டக்'.

சத்தம் கேட்டு பிரியா வந்தாள். கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"அப்பா... இதுல தண்ணி வச்சீங்களா?"

"தண்ணி மட்டுமில்லம்மா. ஷாம்பூவும் போட்டேன்."

"அய்யோ! சிமென்ட்டுப்பா இது. அவரு பேக்கிங்ல நின்னுட்டு வர்றாரு. மாஸ்க்குக்கு வெளிய இருக்கற தாடி பூரா சிமென்ட்டு. குளிக்கறதுக்கு முன்னாடி மாடியில நின்னு இதாலதான் தட்டி விடுவாரு. தட்டி முடிக்காம ஒரு சொட்டுத் தண்ணி காட்ட மாட்டாரு. சிமென்ட்டுல தண்ணி ஊத்துனா என்னாவும்?"

"என்னாவும்?"

"வூடாவும்!"

சிரிக்கத்தான் தோன்றியது. அதற்குள் வாசலில் பைக் சத்தம்.

என்ன செய்தேன் தெரியுமா? அறுபது வயது தாண்டியவன், பிரஷ்ஷை ஜிப்பா பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளை உள்ளே வந்தார். இரண்டு ஷிப்ட்டின் தூக்கம் கண்ணில். புருவம், காதோரம், தாடி... எல்லாம் என் தாடி நிறத்துக்கு வந்திருந்தது.

"வாங்க மாமா."

"வரேன் மாப்ள."

நேராக வாஷ்பேசினுக்குப் போனார். அலமாரியைப் பார்த்தார். கை பாதி உயர்ந்து, அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். மேலே துண்டால் படார் படாரென்று தட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடியும் எனக்கு விழுந்தது.

குளித்துவிட்டு வந்து "சாப்டீங்களா மாமா?" என்றார். நாங்கள் பையைத் தூக்கும்போது, படுக்கையிலிருந்து பாதி எழுந்து "கிளம்புறீங்களா மாமா?" என்றார். மூன்றும் முடிந்தது. பிரஷ் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே சரி பண்ணி, நீங்களே குடுத்துக்குங்க" என்று பிரியா வாசலில் கிசுகிசுத்தாள். "என்கிட்டயே அதைக் குடுக்க மாட்டாருப்பா."

பெரம்பலூர் வரும்வரை பஸ்ஸில் பாக்கெட்டைத் தடவிக்கொண்டே வந்தேன். மூன்று வாக்கியமாக இருந்தாலும் அது நல்ல உறவு. நாலாவது வாக்கியம் 'என் பிரஷ் எங்க மாமா?' என்று ஆகிவிட்டால்?

இறங்கியதும் மல்லிகாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நேராக செல்வத்தின் சலூனுக்குப் போனேன். என் தாடிக்கு மாதம் ஒரு முறை வடிவம் கொடுப்பவர் அவர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பிரஷ்ஷை நீட்டினேன்.

"என்ன சார், செங்கலுக்கு முடி மொளச்சிருக்கு?"

பெஞ்சில் காத்திருந்த ஒருவர், "அதுக்கும் ஒரு கட்டிங் போட்டு உடு செல்வம்" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு.

செல்வம் கட்டைவிரல் நகத்தால் முடியை நிமிண்டிப் பார்த்தார். "அரியலூரா சார்?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அங்கேர்ந்து வேலை முடிஞ்சு நேரா வர்ற தாடிக்கு நான் எடுத்ததும் ஸ்ப்ரே அடிக்க மாட்டேன். துண்டால தட்டிட்டுத்தான் தண்ணி. முடிக்கு ஒண்ணும் ஆவல சார். பன்னி முடி, லேசுல சாவாது. அடியிலதான் கட்டியிருக்கு. வூட்ல வினிகர் இருக்கா?"

"இருக்கும்."

"பாதிக்குப் பாதி பச்சத் தண்ணி கலந்து, முடியை மட்டும் நனைங்க. மரம் நனையக் கூடாது. பத்து நிமிஷம் விட்டுப் பேன் சீப்பால அடியிலேர்ந்து நுனிக்கு இழுங்க. அலசிக் காய வச்சிட்டு மறுநாள் திரும்பப் பண்ணுங்க. காயும்போது முடி கீழ பாத்து இருக்கணும். நீங்க மல்லாக்கப் படுக்க வச்சிருப்பீங்களே?"

"ஆமா."

"தண்ணி பூரா அடியில போயி உக்காந்துருக்கும். பத்தாததுக்கு மரமும் ஊறும். நெழல்ல காயணும் சார். வெயிலு கூடாது, டிரையரும் கூடாது."

"எத்தனை நாள் பண்ணணும்?"

"வர்ற வரைக்கும்."

வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் வினிகர் கேட்டேன். எதற்கு என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்து, தயிர் ஊற்றுகிற எவர்சில்வர் கிண்ணத்தையும் கொடுத்தாள். முடி நனைந்ததும் அடியிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பியது. அவளும் குனிந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் வேலை செய்யுது. என்ன நாருங்க இது, பனையா?"

பொய் சொல்ல ஒரு வினாடி இருந்தது. விட்டுவிட்டேன்.

"பன்னி முடி."

அவள் நிமிர்ந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அந்தக் கிண்ணம் இப்போது கொல்லைக் குழாயடியில் குருவிகளுக்குத் தண்ணீர் வைக்கப் பயன்படுகிறது.

முதல் நாள் ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் இளகியது. இரண்டாம் நாள் மூன்று வரிசை. பேன் சீப்பின் பற்களில் சாம்பல் நிறத்தில் மணல் மணலாக வந்தது. இழுத்ததில் ஒரு மூலையில் முடி பிடுங்கிக்கொண்டு, மிளகளவுக்குச் சின்ன வழுக்கை விழுந்தது. நடுவில் புதன்கிழமை பிரியா போன் செய்தாள்.

"அவரு ஒண்ணுமே கேக்கலப்பா. தேடவும் இல்ல. துண்டாலயே தட்டிக்கிறாரு. அதான் பயமா இருக்கு."

எனக்கும் அதுதான் பயம். கேட்டுவிட்டால் பதில் சொல்லிவிடலாம். கேட்காத கேள்விக்கு என்ன பதில்?

வெள்ளிக்கிழமை காலை முழுதும் இளகிவிட்டது. நல்ல தண்ணீரில் அலசி, உதறி, முடி கீழே பார்க்கும்படி துண்டின்மேல் நிழலில் வைத்தேன். சனிக்கிழமை காய்ந்தது. உள்ளங்கையில் தேய்த்த ஒரு துளி எண்ணெயை முடி நுனிக்குக் காட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மாலை அரியலூர் போய்ச் சேர்ந்தேன்.

மாப்பிள்ளை மாடியில் இருந்தார். அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். கையில் துண்டு. தூரத்தில் ஆலைப் புகைபோக்கி.

"வாங்க மாமா."

வரேன் மாப்ள என்று சொல்லவில்லை. துணியைப் பிரித்து நீட்டினேன்.

"உங்க பிரஷ்ஷ நான்தான் எடுத்தேன் மாப்ள. கழுவுறேன்னு தண்ணி வச்சிட்டேன். கல்லாயிட்டு. ஒரு வாரமா சரி பண்ணேன். மூலையில கொஞ்சம் முடி போயிட்டு."

வாங்கினார். விரலால் முடியை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டுப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து அடிவரை பார்த்தார். வழுக்கை விழுந்த மூலையைத் தடவினார்.

"தெரியும் மாமா."

"பிரியா சொல்லிட்டாளா?"

"இல்ல மாமா. அன்னைக்கு உங்க ஜிப்பா பாக்கெட்டு தொங்குச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டு, சிரித்தார். "நீங்க எடுக்கறது அதுக்கு முன்னாடியே தெரியும் மாமா. எனக்கேது வெள்ளை முடி?"

பத்திரிகையில் இருந்தவரை, ஒரு பக்கச் செய்தியில் விட்டுப்போன ஒற்றைப் புள்ளியைக் கண்டுபிடித்துவிடுவேன். கருப்புத் தாடிக்காரரின் பிரஷ்ஷில் மாதா மாதம் வெள்ளை முடியை விட்டுவிட்டு வந்தது மட்டும் கண்ணில் படவே இல்லை!

அவர் தொடர்ந்தார். "நீங்க வர்றீங்கன்னா முந்தின நாளே நல்லாத் தட்டி, சீப்பு போட்டு, சுத்தமா வச்சிருவேன் மாமா. இந்தத் தடவ ஷிப்ட்டுக்கு ஷிப்ட்டு நிக்க வச்சிட்டாங்க. மறந்துட்டேன். தப்பு என்னுதுதான்."

நான் திருடிக்கொண்டிருந்ததாக நினைத்த மாதங்களில், அவர் எனக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாப்ள?"

"எப்படி மாமா சொல்றது?"

அதுவும் சரிதான். எப்படிச் சொல்வது? நம் வீடுகளில் பாதி அன்பு இப்படித்தான் அலமாரியில் இருக்கிறது. எடுப்பவரும் சொல்வதில்லை, வைப்பவரும் சொல்வதில்லை.

பிறகு காட்டினார். முதலில் தாடி உலர்ந்திருக்க வேண்டும். கன்னத்திலிருந்து கீழ்நோக்கி வாருகிறார். ஐந்தாறு இழுப்புக்கு ஒரு முறை, மாடிக் கைப்பிடிச் சுவரில் மரத்தின் ஓரத்தைத் தட்டுகிறார். முடியைச் சுவரில் தட்டக் கூடாதாம், நுனி பிளந்துவிடுமாம். தட்டத் தட்ட மாலை வெயிலில் புகை மாதிரி தூசி பறக்கிறது. பிறகு சீப்பின் ஒரு நுனியால், சிக்கிய முடியை அடியிலிருந்து தூக்கி எடுக்கிறார். மரத்தைக் காய்ந்த துணியால் துடைக்கிறார். தண்ணீர்? மாதம் ஒரு நாள், வார லீவில், தூசி ஒரு பொட்டும் வராத வரைக்கும் தட்டிய பிறகு.

ஏறக்குறைய அரை மணி நேரம் பேசினார். இடையில் பிரியா இரண்டு முறை படியேறி வந்து, எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

"உங்களுக்கும் ஒண்ணு வாங்கிரலாம் மாமா" என்றார்.

"வேணாம் மாப்ள. இதுவே நல்லா பழகிட்டு."

மறுநாள் காலை வாஷ்பேசின் முன்னால் நின்றேன். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. பத்து இழுப்பு இழுத்து முடிக்கும்போது, பின்னால் ஹாலிலிருந்து அந்த நாலாவது வாக்கியம் வந்தது.

"தட்டி வச்சிட்டீங்களா மாமா?"