நிகோலா நாளில் உட்காராத ராடோயே

மொராவா ஆற்றோரக் கிராமங்களுக்கு இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர் ராடோயே. ஸ்டியரிங்குக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவே இருந்த இடம் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வந்தது. போன செப்டம்பரில் டாக்டர் யாஸ்னா கறாராகச் சொல்லிவிட்டார்: டிசம்பர் சோதனையில் எடை நூற்றுப் பத்து கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் வண்டி ஓட்டும் தகுதிச் சான்றிதழில் கையெழுத்து. இல்லையென்றால் டிப்போவில் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்க வேண்டியதுதான்.

"சின்னத் தட்டுல சாப்பிடுங்க. ஒவ்வொரு வாய்க்கும் முள்கரண்டியைக் கீழ வைங்க. வயிறு நிறைஞ்சா போதும்னு சொல்லிடுங்க. இதுல என்ன கஷ்டம்?" என்றார்.

வீட்டில் ஒரு கஷ்டமும் இல்லை. காபிக் கோப்பை வைக்கிற தட்டில் அவித்த அவரைக்கொட்டை போட்டுத் தின்று, மூன்றே மாதத்தில் நூற்றொன்பதரைக்கு வந்துவிட்டார். ஆனால் சோதனைக்கு முந்தின நாளாகப் பார்த்து புனித நிகோலாவின் நாள் வந்து தொலைத்தது. ஊரில் பாதி வீடுகளுக்கு அவர்தான் காவல் புனிதர். மீதிப் பாதி அந்த வீடுகளுக்கு விருந்தாளி. அன்றைக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஆனால் போகாதவனோடு அடுத்த வருடம் பேச்சு வார்த்தை கிடையாது. ராடோயே போக வேண்டிய வீடுகள் இரண்டு.

முதல் வீடு நண்பர் வீடு. புனிதருக்குப் படைத்த அவித்த கோதுமை ஒரு கரண்டி. அதோடு சரி, யாரும் வற்புறுத்துவதில்லை. புனிதருக்கே ஒரு கரண்டி போதுமே என்று ராடோயேவுக்கு ஏக்கமாக இருந்தது. அப்புறம் மீன் வந்தது. ஒரு வாய் தின்றுவிட்டு, சொல்லிக்கொடுத்தபடி முள்கரண்டியைக் கீழே வைத்தார். வீட்டம்மா பாய்ந்து வந்தார்.

"ஐயோ, வெறுங்கையோட உக்காந்திருக்கீங்களே!" என்று இன்னொரு மீன் விழுந்தது.

மெதுவாக மென்றார். "பிடிக்கலையா அண்ணே?" என்று இன்னொன்று. போதும் என்றார். "வெக்கப்படாதீங்க" என்று நான்காவது. டாக்டரின் வைத்தியமெல்லாம் அந்த அம்மாவிடம் எடுபடவில்லை. பாவம், மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்கு இந்த நேரம் வேறொருவன் என் வண்டியை எடுப்பான் என்று நினைத்துக்கொண்டே தங்கை தேசாங்கா வீட்டுக்கு நடந்தார்.

அங்கே தங்கை கணவன் லுபிஷா வாசலில் நொண்டிக்கொண்டு நின்றான். காவல் புனிதரின் நாளில் வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. நின்றபடியே பரிமாற வேண்டும், கடைசி விருந்தாளி போகும்வரை சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. லுபிஷாவின் முழங்காலோ பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

ராடோயேவின் மூளையில் விளக்கு எரிந்தது.

"மாப்ளே, நீ உக்காரு. உனக்குப் பதிலா நான் நிக்கிறேன்."

"அதெப்படி மச்சான்? நீங்க விருந்தாளி!"

"நொண்டி நொண்டி விழுந்தா புனிதருக்குத்தான் கெட்ட பேரு. தட்டைக் குடு இப்படி!"

தேசாங்கா மட்டும் அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள். "என்னமோ திட்டம் இருக்கு" என்று முணுமுணுத்தாள்.

தட்டை ஏந்திக்கொண்டு உள்ளே போனால், மேஜையின் நடுவில் டாக்டர் யாஸ்னா! லுபிஷாவின் முழங்காலைப் பார்க்கிறவர். இந்த ஊருக்கு வந்தபின் அவருக்கு இதுதான் முதல் நிகோலா நாள். ஒரு வாய் தின்று, முள்கரண்டியை ஒழுங்காகக் கீழே வைத்திருந்தார்.

"டாக்டரம்மா, வெறுங்கையோட இருக்கீங்களே!" ஒரு மீன் விழுந்தது.

"போதும் ராடோயே."

"வெக்கப்படாதீங்க!" இரண்டாவது விழுந்தது.

"நிஜமாவே போதும்..."

"பிடிக்கலையா? தேசாங்கா, டாக்டரம்மாவுக்கு உன் சமையல் பிடிக்கலையாம்!"

தேசாங்காவின் முகம் வாடியது. டாக்டர் அவசரமாக முள்கரண்டியை எடுத்தார். அவரைக்கொட்டை, வால்நட் வைத்த முட்டைக்கோஸ் உருண்டை, மூன்று துண்டு பக்லாவா இனிப்பு என்று ஒவ்வொன்றாக இறங்கியது. கடைசியில் அவர் நாற்காலியில் சாய்ந்து ராடோயேவைப் பார்த்த பார்வையில் நோயாளியும் டாக்டரும் இடம் மாறியிருந்தார்கள். ராடோயே அன்று மாலைவரை நின்றார், சுற்றினார், ஒரு வாய் தின்னவில்லை.

மறுநாள் தராசு முள் நூற்றொன்பதே முக்காலில் நின்றது. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

"நீங்களும் ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்" என்றார் ராடோயே.

"வாயை மூடுங்க." தாளை நீட்டிய கை அதை விடவில்லை. "அடுத்த வருஷம் நான்தான் நிப்பேன். நீங்க உக்காருவீங்க."