இடது காலும் வெறும் ஊசியும்

டவுன் பஸ் ஓட்டுகிறவன் நான். ஐயப்பன்தாங்கல் டெப்போ. எட்டாவதோடு படிப்பு நின்றது. எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பில் பிடித்தது. இடது பக்கம். தொடை வழியாக இறங்கிக் கணுக்கால் வரை சுரீர் என்று இழுக்கும். பஸ் டிரைவருக்கு இடது கால்தான் பிழைப்பு. போரூர் சிக்னலைத் தாண்டுவதற்குள் இருபது தடவை கிளட்ச் மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் பல்லைக் கடித்தேன். டெப்போவில் சொல்லவில்லை. சொன்னால் மெடிக்கல் டெஸ்டுக்கு அனுப்புவார்கள். அன்ஃபிட் என்று எழுதினால் ஸ்டீயரிங் போச்சு. வேறு வேலை எனக்குத் தெரியாது.

என் கண்டக்டர் கண்டுபிடித்துவிட்டான்.

"இன்னா அண்ணாத்தே, கியர் மாத்தசொல்ல வண்டி அழுவுதா, நீ அழுவுறியா?"

"ஒண்ணும் இல்ல. டிக்கெட்ட போடு."

"தெரியுது, தெரியுது. நொண்டிகினு எறங்குற. மாங்காட்டுல ஒரு டாக்டரம்மா கீறாங்க. ஊசி குத்துவாங்க. எங்க அக்கா மூட்டு வலி போச்சு. போய்ப் பாரு."

ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே காட்டியிருந்தேன். வலி மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் தூக்கம் வந்தது. தூக்கத்தோடு எப்படி ஓட்டுவது? வார லீவில் மாங்காட்டுக்குப் போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. இயற்கை மருத்துவம் படித்தவர். ஒவ்வொரு தடவையும் முதலில் கையில் பட்டை சுற்றி பிரஷர் பார்ப்பார். பிறகுதான் ஊசி. அது தலைமுடி கனம்தான் இருந்தது. நான் சிரிஞ்சைத் தேடினேன்.

"மருந்து எங்கம்மா?"

"மருந்து இல்லீங்க. வெறும் ஊசிதான்."

"அப்புறம் இன்னாத்துக்குக் குத்தணும்?"

சிரித்தார். "இறுகிப்போன சதை விடும். வலி குறையும். சில பேருக்குக் கேக்கும், சில பேருக்குக் கேக்காது. ஆறு தடவை பார்ப்போம்."

முதுகிலும் முட்டிக்குப் பின்னாலும் குத்தினார். எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பிறகு உள்ளே கனமாக ஏதோ இழுத்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு கிளட்ச் மிதிக்கும்போது பல்லைக் கடிக்கவில்லை.

டீக்கடையில் சொன்னேன். அங்கே ஒருவர், "ஊசி வைத்தியம்னா இங்கிலீஷ் மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திடணும்பா. ரெண்டும் சேந்தா வேலைக்கு ஆவாது" என்றார். எனக்கு நாலைந்து வருடமாக பிரஷர் மாத்திரை உண்டு. அதையும் டெப்போவில் மறைத்துத்தான் வைத்திருந்தேன். விட்டது தொல்லை என்று நிறுத்தினேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். மறுபடி பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"மாத்திரை போடுறீங்களா?"

"நிறுத்திட்டேன்மா."

"யார் நிறுத்தச் சொன்னது?"

"டீக்கடையில..."

ஊசி டப்பாவை மூடினார். "அப்ப அவரையே குத்தச் சொல்லுங்க."

கையில் சுற்றிய பட்டையைக் கழற்றினார்.

"நான் பார்க்கிறது உங்க கால் வலிய. பிரஷருக்கு இது மாத்து இல்ல. ஓட்டும்போது தலை சுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்? மாத்திரை கொடுத்த டாக்டர்கிட்ட இப்பவே போங்க. அவர் சரின்னு சொல்றவரைக்கும் பஸ்ஸத் தொடாதீங்க."

காலை நேரத்தில் என் பஸ்ஸில் எண்பது பேர் நிற்பார்கள். என் காலை நினைத்தேனே தவிர அவர்களை நினைக்கவில்லை. அன்றுதான் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். அதே மாத்திரையை மறுபடி ஆரம்பித்தேன். அன்று வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் டெப்போவில் மேனேஜரிடமும் சொன்னேன். இடுப்பு, பிரஷர் இரண்டையும்.

"இங்க பாதிப் பேரு பிரஷர்காரன்தான்யா. மாத்திரைய போட்டுக்கினு ஓட்டு. போடாம ஓட்டுனா ஊட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார். மெடிக்கலுக்கு எழுதிக் கொடுத்தார்.

லீவு போட்டேன். மெடிக்கல் நாள் வருவதற்குள் பிரஷர் இறங்கியது. மிச்ச ஊசியும் போட்டுக்கொண்டேன். மெடிக்கலில் நடக்கச் சொன்னார்கள். உட்காரச் சொன்னார்கள். படுக்க வைத்து இடது காலைத் தூக்கிப் பார்த்தார்கள். வலிக்கவில்லை.

வெளியே வந்து மனைவிக்கு போன் போட்டேன்.

"எழுதிட்டாங்க."

"இன்னான்னு?"

"ஃபிட்."



"சாப்டியா?" என்றாள்.