இரண்டு டம்ளர் தண்ணீர்

ஐம்பதுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தேன். மெட்ராஸிலிருந்து வந்தவர். பாலாற்றங்கரைப் பக்கம் காலியாகக் கிடந்த ஒரு தோல் மண்டியை வாடகைக்குப் பிடித்து, அதில் சொந்தமாக ஒரு பரிசோதனைக்கூடம் வைத்திருந்தார். எத்தனை முறை வெள்ளையடித்தும் சுவரிலிருந்து பச்சைத் தோல் வாடை போகவில்லை. அவருக்கு உதவியாளர்கள் இரண்டே பேர், நானும் என் நண்பனும். நான் குடியாத்தம் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. ஆம்பூரில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அவன் உள்ளூர்க்காரன். ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரு மாதத்துக்குள் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

தோல் பதனிடும் டேனரிகளை ஒட்டிய தெருக்களில் கிணற்றுத் தண்ணீர் சேகரிப்போம். அங்கே குடியிருப்பவர்களிடம் மலத்தை டப்பியில் வாங்கி வந்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். டாக்டர் தேடியது குடலில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு நுண்ணுயிரை. உயிரோடு பார்த்தால் இரண்டு கண் வைத்த முகம் மாதிரி இருக்கும். தண்ணீரில் இருக்கும்போது கூடு கட்டிக்கொண்டு அதற்குள் அசையாமல் கிடக்கும். கூட்டை விழுங்கியவர்களில் சிலர் படுத்துவிடுகிறார்கள், சிலருக்கு ஒன்றுமே ஆவதில்லை. நல்ல திடகாத்திரமான ஆளுக்கு இது எப்படிப் பற்றுகிறது, எத்தனை நாளில் பற்றுகிறது என்பதுதான் டாக்டரின் கேள்வி.

ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "ஏற்கெனவே வியாதி இருக்கிறவனைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆரோக்கியமான ரெண்டு பேர் கிருமி இருக்கிற தண்ணியைத் தெரிஞ்சே குடிக்கணும். மருந்து இருக்கு, உயிருக்கு ஆபத்தில்லை. வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க" என்றார்.

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"நீ குடிச்சா நான் குடிக்கிறேன் தோஸ்த்," என்றான்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை, வெறும் வயிற்றில், மேசை மேல் இரண்டு கண்ணாடி டம்ளர். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். எங்கள் பெயரெழுதி ஒட்டியிருந்தது. அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். எனக்கு இரண்டு மடக்கு தேவைப்பட்டது.

பத்தாம் நாள் எனக்கு ஆரம்பித்தது. வயிறு பானை மாதிரி உப்பிக்கொண்டது. அழுகின முட்டை நாற்றத்தில் ஏப்பம். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கொல்லைப்புறம் ஓடினேன். அக்கா கஞ்சியும் மோருமாகக் கொடுத்துப் பார்த்தாள். "எந்தக் கிணத்துல எதைக் குடிச்சித் தொலைச்ச?" என்று திட்டினாள். அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.

நண்பன் தினமும் வந்தான். என் டப்பியை வாங்கிப் போவான். வாசல்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொள்வான்.

"எனக்கும் ஒரே பேஜாராதான் கீதுடா. காலையிலேந்து நாலு தபா போய்ட்டேன்."

அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இருமுவதுபோல் திரும்பிக்கொண்டு ஏப்பம் விடுவேன், அவன் சிரிப்பான். கூடப் பிறந்தவனிடம்கூட அப்படி நெருங்கியதில்லை.

ஐந்து வாரம் டாக்டர் மருந்து தரவில்லை. நோய் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டுமாம். அதற்குள் என் வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டேன். எங்கள் இருவர் தகடுகளையும் அவர் ஒருவரே பார்த்தார், எங்களைத் தொடவிடவில்லை. கடைசியில் மஞ்சள் மாத்திரை கொடுத்தார். முதல் சுற்றில் அடங்காமல் இரண்டாவது சுற்றும் சாப்பிட்டேன். மாத்திரையின் சாயம் ஏறிச் சிறுநீர் அடர்மஞ்சளானது. பிறகு உள்ளங்கை, நகம், கண்ணோரம் எல்லாம் மஞ்சள். டேனரியில் வேலை செய்த அக்கா வீட்டுக்காரர் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மச்சான், ஆவாரம்பட்டையில ஊறவெச்ச தோல் மாதிரி ஆய்ட்ட?"

அன்று நண்பனும் அங்கே இருந்தான். சிரித்துக்கொண்டே அவன் கையை இழுத்து என் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் உள்ளங்கை எப்போதும் போல இருந்தது. அவன் கையை உருவிக்கொண்டான்.

"எனக்கு டோஸு கம்மி," என்றான். அதற்கப்புறம் அதிக நேரம் உட்காரவில்லை.

இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மதியம் டாக்டர் வேலூருக்குப் போயிருந்தார். அவர் அலமாரியைத் திறந்து நண்பனின் தகடுகளை ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஐந்து வாரத் தகடுகளிலும் ஒன்றுமே இல்லை. டாக்டர் குறிப்பெழுதும் நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே கூடுகளின் எண்ணிக்கை. அவன் பெயருக்கு நேரே, காய்ச்சி ஆறிய தண்ணீர்.

அவன் டப்பிகளைக் கழுவிக்கொண்டு பின்கட்டில் இருந்தான். நோட்டை அவன் முன்னால் நீட்டினேன். அவன் படிக்கவில்லை. என்ன எழுதியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"பயந்துட்டேன்டா. என் தங்கச்சி பேதியிலதான் போச்சி, உனக்கே தெரியும். ஞாயித்துக்கெழம டாக்டர் வூட்டுக்குப் போய் என்னால முடியாதுன்னுட்டேன். அவருதான், சரி, நீ வெறும் தண்ணி குடி, அவங்கிட்ட சொல்லாதன்னாரு."

"வயிறு வலிக்குதுன்னு சொல்லச் சொன்னதும் அவரா?"

அவன் டப்பியைக் கீழே வைத்தான்.

"இல்ல. அது நானா சொன்னது. நீ ஒண்டியா கஷ்டப்படறேன்னு நெனச்சிடக் கூடாதுன்னு."

அவன் பயந்ததில் எனக்குக் கோபமில்லை. அந்தத் தங்கையின் சாவைப் பற்றி அவன் சொல்லும்போது நானும் அழுதிருக்கிறேன். ஆனால் ஐந்து வாரம் என் எதிரில் உட்கார்ந்து, இல்லாத வலிக்கு முகத்தைச் சுளித்திருக்கிறான். நானோ என் வலிக்கு நடுவில் அவனுக்காகக் கவலைப்பட்டேன். அக்கா எனக்குக் காய்ச்சிய கஞ்சியில் பாதியை அவனுக்கு ஊற்றச் சொன்னேன். அவனும் வாங்கிக் குடித்தான். கையில் இருந்த நோட்டை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் கேட்டேன். அவர் தலையைக் குனியவில்லை.

"ஒருத்தன் கிருமியைக் குடிக்கணும், ஒருத்தன் வெறும் தண்ணி குடிக்கணும். அப்பதான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அவன் முடியாதுன்னதும் அப்படிப் பண்ணிட்டேன். உங்கிட்ட சொல்லியிருந்தா நீ குடிச்சிருப்பியா?"

"குடிச்சிருப்பேன் சார்."

அவர் நம்பவில்லை. ஆனால் அது உண்மை. நேராகக் கேட்டிருந்தால் நான் ஒருவனாகவே குடித்திருப்பேன். அந்தக் கேள்வியில் அவருக்கு இருந்த ஆர்வம் எனக்கும் இருந்தது. என்னிடம் கேட்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன்.

குடல் முழுதாகச் சரியாக ஒரு வருஷம் பிடித்தது. அதுவரை பால் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு வேலூரில் வேறொரு இடத்தில் அதே தகடு பார்க்கும் வேலைதான் கிடைத்தது. வேறு வேலை எனக்குத் தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து நண்பன் கல்யாணப் பத்திரிகையோடு அக்கா வீட்டுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை, நானும் அங்கேதான் இருந்தேன். அவன் குரல் கேட்டதும் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அக்கா அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். அவன் போன பிறகு அக்கா பத்திரிகையை என்னிடம் நீட்டினாள்.

"உன்னப் பாக்கணும்னுதான் ஒக்காந்துனு இருந்தான். ஒரு வார்த்த பேசனா இன்னாடா?"

அவளுக்கு இன்னமும் ஒன்றும் தெரியாது. பத்திரிகையைப் பிரிக்காமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு அக்காவும் அவள் வீட்டுக்காரரும் போய்விட்டு வந்தார்கள்.