ஆட்சேபம் இல்லை என்று நாங்கள் சொன்னோமாம்

பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஆறு ஒட்டுக்கடைகள் இருந்தன. இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்தக் கோடு போட்டிருக்கிறார்கள். கடைசிக் கடை அம்மாவுடையது. இடியாப்பம், அப்பம், சனி ஞாயிறு என்றால் புட்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேன்கள் காலையில் அங்கே நிற்கும். ஆட்கள் இறங்காமலே சன்னல் வழியாகக் கை நீட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த இடம் போனால் அந்த வியாபாரம் இல்லை. இது புரிய யாரும் பல்கலைக்கழகம் போக வேண்டியதில்லை.

ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டுச் சுவர்களில் ஒட்டுக்கடைக்காரர்களை ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். சுற்றுப்பயணிகள் வரிசை பிடித்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பினாங்கு சாப்பாடு என்று விமான நிலையத்திலேயே பெருமை பேசுகிறார்கள். சுவரில் இருக்கும் கடைக்காரரை எல்லாருக்கும் பிடிக்கிறது. உயிரோடு நின்று அடுப்பு மூட்டுகிறவர்தான் போக்குவரத்துக்கு இடைஞ்சல். இதையெல்லாம் நான் நாளிதழுக்குக் கடிதமாக எழுதுகிறவன். பேருந்து நேரத்துக்கு வராதது, கடலை மண் போட்டு நிரப்புவது, எங்கள் மாதிரிச் சம்பளக்காரன் தீவில் வீடு வாங்க முடியாதது, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு கருத்து உண்டு. சிலது அச்சிலும் வந்திருக்கிறது.

வீட்டில் ஐந்தாம் படிவம் என்னும் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா லாரி ஓட்டுபவர்; கையெழுத்து போடுவார், அவ்வளவுதான். அம்மா தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். பேச்சு மலாயில் அவரை யாரும் அசைக்க முடியாது. பக்கத்துக் கடையில் மீ நூடுல்ஸ் விற்கும் சீன ஆன்ட்டியோடு அவருடைய ஹொக்கியன் மொழியில் சண்டைகூடப் போடுவார். எழுத்து என்று வந்தால்தான் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு நிற்பார். அதனால் வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் என் கைக்குத்தான் வரும். தீவில் இருக்கும் கெலுகோர் பல்கலைக்கழகத்தில் நான் பட்டம் வாங்கிய பிறகு, வரிசைக் கடைக்காரர்களின் கடிதங்களும் வரத் தொடங்கின. எனக்கும் அது பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

அன்று வேலையிடத்தில் காலைத் தேநீர் இடைவேளையில் கடல் நிரப்புவதைப் பற்றி ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா கைப்பேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, ஆபீஸ்காரன் ஒரு பாரம் குடுத்திருக்கான். இப்பவே நெரப்பித் தரணுமாம், நிக்கிறான். ரெண்டு கட்டம் இருக்கு. ஆடா... பந்... தியாடா... பந்..."

"பந்துவான்மா. உதவிப் பணம். கெடைக்குதா கெடைக்கலையான்னு கேக்குறான். நமக்குத்தான் ஒண்ணும் வரலயே, தியாடால கோடு போடு."

"போட்டா ஏதாச்சும் குடுப்பானா?"

"குடுத்தா நல்லதுதான்லா. போடும்மா, எனக்கு வேல இருக்கு."

ஆடா என்றால் உண்டு, தியாடா என்றால் இல்லை. எங்களுக்கு வரும் அரசாங்கப் பாரம் எல்லாம் பந்துவான் பாரம்தான். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், 'பந்' என்று தொடங்கினால் 'துவான்' என்றுதான் முடிப்பார்கள். அம்மா வரிசை முழுக்கச் சொல்லிவிட்டார், என் மகன் தியாடாவில் போடச் சொன்னான் என்று. தே தாரிக் என்று நுரைக்க ஆற்றிய டீ விற்கும் கடை அண்ணன் மட்டும் மலாய் நன்றாகப் படிப்பவர். அன்று அவர் கடையில் கூட்டம். அக்கா மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பார்க்காமலே கோடு போட்டிருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து மாநகர் மன்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சாலை அகலப்படுத்தப்படுகிறது, ஆறு கடைகளும் பின்னால் கட்டியிருக்கும் புதுக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் போக வேண்டும், கடைக்காரர்கள் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரைக் கேட்டீர்கள், எப்போது கேட்டீர்கள் என்று கேட்பதற்காகவே விடுப்பு எடுத்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் என் வயதுதான் இருக்கும், ஒரு மலாய்ப் பெண். நான் சத்தம் போட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, ஒரு கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

தியாடா பந்தாஹான். பந்துவான் இல்லை, பந்தாஹான். ஆட்சேபம் இல்லை. அதற்கு நேரே அம்மாவின் கோடு, கோணல்மாணலாக. கீழே இன்னும் ஐந்து பாரங்கள். எல்லாவற்றிலும் அதே கட்டம்.

அந்த அலுவலகத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இடத்தைக் காலி செய்யப் போகிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று ஒரே வரியில், பேச்சு மலாயில், வாயால் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வியாபாரம் சூடாக நடக்கும் நேரம் பார்த்து ஆள் அனுப்பி, இப்போதே கொடு என்று நிற்க வைத்தார்கள். இதற்குக் கருத்துக் கேட்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புரியாமல் விழும் கோடுதான் அவர்களுக்குத் தோதான கோடு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அம்மா அந்தச் சொல்லைத் தடவித் தடவிப் படித்துக்கொண்டுதான் இருந்தார். அவரைப் படிக்க விடாமல் பாதியில் முடித்து வைத்தது அலுவலகம் இல்லை.

வெளியே வந்ததும் அந்தச் சொல்லின் பொருளை அம்மாவிடம் சொன்னேன். பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு, "மத்தவங்ககிட்ட நான் பாத்துக்கறேன். ஆபீஸ்காரன் மாத்திட்டான்னு சொல்லிருவோம். உன் பேரு எதுக்கு" என்றார்.

இரண்டு நிறுத்தம் வரை அதற்குச் சம்மதிக்கலாமா என்றுகூட யோசித்தேன். நாளிதழில் ஊருக்கெல்லாம் பொறுப்பைப் பற்றி எழுதுகிறவன்.

மறுநாள் காலை நானே போய்ச் சொன்னேன். சீன ஆன்ட்டி இனி மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டார். தே தாரிக் கடை அண்ணன் கையில் இருந்த குவளையைக் கீழே வைத்தார்.

"நாலு வருஷம் யூனிவர்சிட்டில இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா தம்பி? என்ன கேட்டாலும் தியாடான்னு போடச் சொல்லி?"

மேல்முறையீடு எழுதித் தருகிறேன் என்றேன்.

"எழுது. உன் தப்புன்னு எழுது. அவன் தப்பையும் எழுது. அவனோடத மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல எழுது" என்றார். அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள். அம்மா மட்டும் திரும்பி நின்று அப்பச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பக்கம் எழுதினேன். தவறாகச் சொன்னவன் நான், பட்டம் பெற்றவன் என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். ஆறு கடைக்கும் போய், சொல் சொல்லாக வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினேன். கூட்டத்துக்கு அழைப்பு வந்தது, வார நாளில் காலை பத்து மணிக்கு. ஆறு பேரும் கடையை மூடிவிட்டு வந்தார்கள்.

கவுண்டர் பெண் இல்லை. பெரிய அதிகாரி ஒருவர். உங்கள் மேல்முறையீட்டைப் பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மேசையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வைத்தார். உள்ளே மடித்த சீட்டுகள். நாளை முதல் கீழே கடை போடக் கூடாதாம்; இரண்டாம் மாடிக் கடைகளுக்கு இன்றே குலுக்கல் நடக்குமாம். எடுக்காதவர்களுக்கு அங்கேயும் இடம் உறுதியில்லையாம்.

சீட்டு எடுத்தால் சம்மதித்தது மாதிரி ஆகிவிடும், யாரும் எடுக்காதீர்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். யாரும் எழுந்திருக்கவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாதான் முதலில் எழுந்தார்.

"அம்மா, எடுக்காத."

"ஊற வச்ச அரிசி வீட்டுல இருக்கு. நாளைக்கு அத எங்க கொண்டு போய் விக்கிறது, நீ சொல்லு."

அவர் பெட்டிக்குள் கையை விட்டார். பதினொன்றாம் எண். படிக்கட்டுக்குப் பின்னால், கழிவறையை ஒட்டிய மூலை. சாலை அங்கிருந்து தெரியாது. அம்மா வரைபடத்தை எட்டிப் பார்த்து, அங்கே தண்ணீர்க் குழாய் உண்டா என்று அதிகாரியிடம் மலாயில் கேட்டார். இரண்டு கடைக்கு ஒன்று என்றார் அவர்.

"அப்போ காலையில நாம சீக்கிரமா போயிறணும்" என்றார் அம்மா என்னிடம், சீட்டைப் பர்சுக்குள் வைத்தபடி.