தங்கை கையால் ஒரு குட்டு

ஒரு சிறுமியை அவளுடைய அண்ணன் தலையில் குட்ட வைத்தேன். மெதுவாகக் குட்டினாள் என்று சொல்லி இரண்டாம் முறையும் குட்ட வைத்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவள் படிப்புக்கும் அவன் படிப்புக்கும் அதுவே நல்லது என்று நம்பினேன்.

ஐம்பதுகளின் நடுவில் ஆம்பூருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தகப்பன்மார் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தார்கள். ஆசிரியர் பயிற்சியில் குழந்தைகளின் மனம் பற்றி நிறையப் படித்துத் தேறியவன் நான். ஆனால் வகுப்பில் கால் வைத்ததும், என் வாத்தியார் எனக்குச் செய்ததைத்தான் செய்தேன். அடியைவிட வெட்கம் சீக்கிரம் கற்றுக்கொடுக்கும் என்பது என் கொள்கை.

கேள்வி கேட்பேன். தெரியாதவர்கள் வரிசையாக நிற்க வேண்டும். முதலில் சரியாகச் சொல்கிற பிள்ளை போய், நிற்கிறவர்கள் தலையில் எல்லாம் குட்ட வேண்டும். மெதுவாகக் குட்டினால், குட்டியவருக்கு என் கையால் குட்டு.

அந்த அண்ணன் இரண்டு முறை தேறாமல் போனதால், தங்கை வந்து அவன் வகுப்பிலேயே சேர்ந்துகொண்டாள். அவனுக்குக் கணக்கு வராது. அவளுக்கு நான் கேட்டு முடிப்பதற்குள் விடை வந்துவிடும். அண்ணன் உட்கார்ந்திருக்கும்போது பதில் சொல்வாள். அவன் நின்றுவிட்டால் மட்டும், "தெரியாது சார்" என்று தானும் எழுந்து அவன் பக்கத்தில் நின்றுகொள்வாள். இதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில வாரங்கள் ஆயின. கண்டுபிடித்தபோது கோபம்தான் வந்தது.

அன்று பதினாறு ஏழு எவ்வளவு என்று கேட்டேன். அவன் எழுந்தான். அவளும் எழுந்தாள்.

"உனக்குத் தெரியும். சொல்லு."

"தெரியாது சார்."

"நீ சொல்லலன்னா உங்க அண்ணனுக்கு நான் குட்டுவேன். என் குட்டு எப்படி இருக்கும்னு அவனயே கேளு."

அவள் சிலேட்டுப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கையை ஓங்கிக்கொண்டு அவனிடம் போனேன்.

"சொல்லிடு பாப்பா," என்றான் அவன். "ஒண்ணும் ஆவாது. சொல்லு."

"நூத்திப் பன்னண்டு."

அவன் அவளைவிட உயரம். அவளுக்கு எட்டட்டும் என்று அவனாகவே முட்டி போட்டான். அவள் விரல் முட்டியை அவன் முடிமேல் வைத்து எடுத்தாள்.

"சத்தம் வரணும்," என்றேன்.

சத்தம் வந்தது. பின்வரிசையில் ஒருவன், "சோறு போடறதுக்கு முந்தி வீட்லயும் ஒண்ணு குடுப்பாளாடா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதை நான் அடக்கவில்லை. வெட்கம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவன் வரவில்லை. "ஷாப்புக்குப் போய்ட்டான் சார்" என்று மட்டும் தங்கை சொன்னாள். அதற்குப் பிறகு வகுப்பில் அவள் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. அவளைவிடக் குறைவாகத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் வந்து அவளைக் குட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். ஒருநாள் "தெரியாது சார்" என்று நின்றவளின் பலகை கீழே கிடந்தது. அதில் சரியான விடை எழுதியிருந்தது. அன்று அடுத்த கேள்வியை என்னால் கேட்க முடியவில்லை.

அந்த வாரமே ஷாப்புக்குப் போனேன். தகப்பனும் மகனும் சுண்ணாம்புக் குழிப் பக்கம் தோல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். முழங்கைவரை வெள்ளையாக இருந்தது.

"வாங்க சார்," என்றார் தகப்பன். "இன்னா, இங்கயும் கணக்கு கேக்க வந்தீங்களா?"

பையனைத் திரும்ப அனுப்பும்படி கேட்டேன். இனி அவனை யாரும் தொடமாட்டார்கள் என்றேன்.

"பொண்ணயே நிறுத்திடலாம்னு பாக்குறேன். தெனம் குட்டு வாங்கினு வருது. அதுக்கு இன்னாத்துக்குப் படிப்பு?"

மகன்தான் தோலைக் கீழே போடாமலே சொன்னான்: "அத்த நிறுத்தாத நைனா. நான் வரல சார், எனக்கு இதுவே போதும். அது படிக்கட்டும்."

தப்பு என்னுடையது என்று அவர்கள் இருவரிடமும் சொன்னேன். தகப்பன் கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். ஆனால் பெண்ணை அவர் நிறுத்தவில்லை.

மறுநாள் வகுப்பிலும் அதையே சொல்லி, குட்டும் வழக்கத்தை ஒழித்தேன். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். நான் இருந்தால் அவள் வாய் திறக்கவில்லை. அதனால் வெளியே போய்ச் சுவரோரம் நின்றேன். பின்னக் கணக்கைப் பக்கத்துப் பெண்ணுக்கு அவள் பொறுமையாக விளக்குவது கேட்டது. "இல்லடி, கீழ இருக்கறத மொதல்ல பாரு" என்றாள். நான் உள்ளே வந்ததும் நிறுத்திவிட்டாள். அந்த வருடம் முழுவதும் கணக்கு நேரத்தில் பாதியை நான் வெளியேதான் கழித்தேன். தெரிந்ததைச் சொன்னால் யாருக்கும் வலிக்காது என்று உறுதியானால்தான் ஒரு பிள்ளை வாய் திறக்கும். என் தொழிலைப் பற்றி நான் கற்றது இவ்வளவுதான்.

அவள் தேறி, ஆம்பூரில் பெரிய பள்ளிக்குப் போனாள். அடுத்த வருடம் அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் கடைத்தெருவில் என்னை நிறுத்தினார். "உங்ககிட்ட இருந்து வந்த பொண்ணு பிரமாதமா எழுதுது. பொறவியிலயே பேச்சு வராதா சார்?"

"வரும்," என்றேன். பிறகு அவரை ஓரமாக அழைத்துப்போய், நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன்.